வ.வே.சு. ஐயரும் சேரன்மாதேவிப் பந்தியும்

நம் பாவூர்சத்திரம் ரயில் நிலையத்தில் திருநெல்வேலி வண்டியில் ஏறி அமர்ந்தால், கீழக்கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் என்று ஒவ்வொன்றாகக் கடந்து சேரன்மாதேவி வந்து சேரும். தாமிரபரணிக் கரையில் உள்ள பழைய ஊர். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பள்ளி இருந்தது. அதில் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்ற ஒரே கேள்வி தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாகப் பிளந்துவிட்டது. அந்தப் பள்ளியை நிறுவியவர் கல்விக் கடல். நாட்டுக்காகத் தம் சுகம் அனைத்தையும் துறந்தவர். சின்னப் புத்திக்காரர் என்று எவரும் சொல்லத் துணியாத பெரியவர். அதனால்தான் அவர் வரலாற்றை இந்த ஆண்டு மலரில் எழுத முற்பட்டோம். கெட்டவர் ஒருவர் தவறு செய்தார் என்றால் அதில் நாம் கற்க அதிகம் இல்லை.

வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர் 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்தார். சேசு சபைக் குருக்கள் நடத்திய திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். அங்கே அவர் விரும்பிக் கற்ற மொழி இலத்தீன். வீட்டில் தமிழும் சமஸ்கிருதமும், கல்லூரியில் ஆங்கிலமும் இலத்தீனும், பின்னாளில் பிரெஞ்சும் வேறு சில மொழிகளும் என்று அவர் கற்றுக்கொண்டே இருந்தார். வக்கீல் தேர்வு எழுதித் திருச்சியில் தொழில் நடத்தி, பிறகு ரங்கூனுக்குப் போய், அங்கிருந்து 1907இல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் சேர்ந்தார்.

லண்டனில் சட்டப் புத்தகத்தோடு துப்பாக்கியும் கைக்கு வந்தது. சாவர்க்கர் முதலிய புரட்சிக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். சர்க்கார் கெடுபிடி இறுகவே, 1910இல் மாறுவேடம் பூண்டு ஐரோப்பாவைக் கடந்து, கப்பலேறிப் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். வழியில் நடந்ததாக ஒரு செய்தி சொல்வார்கள். பெட்டியில் பொறித்திருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துகளைக் கண்டு ஒற்றன் ஒருவன் ஐயுற்றானாம். தம் பெயர் வீர விக்ரம சிங் என்று சொல்லி, தாடியும் தலைப்பாகையுமாக நின்ற ஐயர் அவனை நம்பவைத்துவிட்டாராம். இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மீண்டும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்பார்கள்.

புதுச்சேரியில் பத்தாண்டு. பாரதியாரும் அரவிந்தரும் அங்கே இருந்த காலம் அது. நம் பக்கத்துச் செங்கோட்டை வாஞ்சிநாதன் 1911இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டதற்கு முன், அவருக்குச் சுடக் கற்பித்தவர் ஐயரே என்பர். ஆயினும் அந்தப் பத்தாண்டில் அவர் கை துப்பாக்கியைவிடப் பேனாவையே அதிகம் பிடித்தது. திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அது 1916இல் வெளிவந்தது. ‘குளத்தங்கரை அரசமரம்’ என்ற சிறுகதையையும் எழுதினார். தமிழ்ச் சிறுகதையின் தொடக்கம் அதுவே என்று பலர் கொள்கின்றனர்.

அந்தக் கதையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒரு குளத்தங்கரை அரசமரம் தன் நிழலில் விளையாடி வளர்ந்த ருக்மிணி என்ற பெண்ணின் கதையைச் சொல்கிறது. அவள் தந்தையின் பணம் ஆர்பத்நாட் பாங்கி முறிந்தபோது போய்விடுகிறது. பணம் போனதும் புகுந்த வீட்டாரின் முகம் மாறுகிறது. மகனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். கணவன் நாகராஜன் நல்லவன். இரண்டாம் கல்யாணத்துக்கு இசைவதுபோல் நடித்து, கடைசி நேரத்தில் மறுத்துப் பெற்றோருக்குப் புத்தி புகட்டலாம் என்பது அவன் எண்ணம். அதை அவளிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அவனுக்கு அது சில நாள் பொறுக்கும் விஷயம். அவளுக்கோ ஒவ்வொரு நாளும் நெருப்பு. அவள் குளத்தில் விழுந்து உயிர்விட்ட பிறகுதான் அவன் மனம் ஊருக்குத் தெரிகிறது. ஒரு பெண்ணின் வேதனையை மரமும் உணரும்படி எழுதிய கை ஐயருடையது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

முதல் உலகப் போர் முடிந்தபின் மன்னிப்புக் கிடைத்து, 1920இல் ஐயர் தாயகம் திரும்பினார். காந்தியடிகளின் வழி அவர் மனத்தை மாற்றியிருந்தது. சென்னையில் ‘தேசபக்தன்’ இதழுக்கு ஆசிரியரானார். எழுத்துக்காக ஒன்பது மாதச் சிறை. பெல்லாரிச் சிறையில் இருந்தபோது கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூல் எழுதினார். விடுதலையாகி வந்தவர் 1922இல் திருநெல்வேலிச் சீமைக்கு வந்து, தமிழ்க் குருகுலமும் பாரத்வாஜ ஆசிரமமும் நிறுவினார். நாம் முதலில் சொன்ன சேரன்மாதேவிப் பள்ளி இதுதான்.

அந்தக் குருகுலத்தின் திட்டம் அக்காலத்துக்குப் புதுமையானது. சர்க்கார் பள்ளிகள் குமாஸ்தாக்களை உண்டாக்குகின்றன என்பது ஐயரின் குறை. ஆகவே இங்கே பாடத்தோடு உடற்பயிற்சி, தோட்ட வேலை, கைத்தொழில் எல்லாம் உண்டு. கல்வி முழுவதும் தாய்மொழியில். பிள்ளைகள் ஆசிரியரோடு ஒரே வளாகத்தில் வாழ வேண்டும். நாளைய சுதந்திர நாட்டுக்கு ஏற்ற மனிதரை உருவாக்குவதே நோக்கம் என்று ஐயர் ஊர் ஊராய்ச் சொல்லிப் பணம் திரட்டினார். பல சாதியாரும் கொடுத்தார்கள். நாட்டுக்கோட்டைச் செல்வர்கள் கொடுத்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஏற்று, முதலில் ஐயாயிரம் தந்தது. அந்தக் கமிட்டியின் செயலாளராக இருந்தவர் ஈரோட்டு ஈ.வெ. ராமசாமி. பெரியார் என்ற பட்டம் அவருக்கு அப்போது வரவில்லை.

குருகுலத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். ஐயரோ சாதி பார்த்து உண்ணும் வழக்கத்தை விட்டவர். லண்டனிலும் பாரிசிலும் திரிந்து, முஸ்லிமாகவும் சீக்கியராகவும் வேடமிட்டு உயிர் தப்பியவருக்கு யாரோடு அமர்ந்து உண்டால் என்ன? ஆனால் பிராமணச் சிறுவர் இருவரின் பெற்றோர் ஒரு நிபந்தனை வைத்தார்கள். தங்கள் பிள்ளைகள் மற்றவரோடு சேர்ந்து உண்ணக் கூடாது. தனியே உண்ண வேண்டும். ஐயர் யோசித்தார். சேர்க்க மறுத்தால் இரண்டு பிள்ளைகள் தேசியக் கல்வியை இழப்பார்கள். சேர்த்துக்கொண்டால் நாளடைவில் அவர்களே மனம் மாறிப் பந்தியில் வந்து அமரலாம். இப்படி எண்ணியே இசைந்தார், வாக்கும் கொடுத்தார் என்று நாம் கருதுகிறோம்.

இரண்டு இலைகள்தானே என்று தோன்றும். ஆனால் சாப்பாடு ஒரு நாளைக்கு ஒருமுறை நடப்பதன்று. குருகுலம் என்பது தங்கிப் படிக்கும் இடம். காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. மாதம் முப்பது நாளும் தொண்ணூறு முறை மணி அடிக்கும். அந்தத் தொண்ணூறு முறையும் சிலர் ஒரு பக்கமும் மற்றவர் ஒரு பக்கமுமாகப் பிரிவார்கள். பாடவேளையில் பாரத மக்கள் அனைவரும் ஒரு தாய் மக்கள் என்று ஆசிரியர் சொல்வார். பாடம் முடிந்ததும் மணி அடிக்கும். எதைப் பிள்ளை நம்பும்? விடுதியில் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் சகோதரிகளுக்கு இது நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வகுப்பில் சொன்னது மறந்துபோகும்; யார் பக்கத்தில் யாரை உட்கார வைத்தோம் என்பது அறுபது வயதிலும் மறக்காது.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தார். தண்ணீர் குடிப்பதற்கும் வேறு பானை என்ற நிலையை அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய்த் தந்தையிடம் சொல்ல, அது ஈ.வெ.ரா.வின் காதுக்கு எட்டியது. ஈ.வெ.ரா. பின்னாளில் இதைப் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் அப்போதுதான் 1924இல் வைக்கத்தில், கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாரும் நடக்கும் உரிமைக்காகப் போராடிச் சிறை சென்று மீண்டவர். மலையாள நாட்டுத் தெருவுக்காகச் சிறை சென்றவர், தம் கமிட்டி பணம் கொடுத்த பள்ளியில் இரண்டு பானை இருப்பதை எப்படிப் பொறுப்பார்? டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் கண்டித்து எழுதினார். ஊரெங்கும் இதே பேச்சாயிற்று.

ஐயரின் பக்கம் நின்றவர்கள் சொன்ன நியாயங்களையும் சொல்லிவிடுவோம். கொடுத்த வாக்கை மீறலாமா என்றார்கள். பெற்றோரின் சமய நம்பிக்கையில் பள்ளி தலையிடலாமா என்றார்கள். கட்டாயப்படுத்தினால் மனம் மாறாது, பொறுத்திருந்தால் மாறும் என்றார்கள். இவை இலேசாகத் தள்ளக்கூடியவை அல்ல. ஆனால் இந்த நியாயங்கள் எல்லாம் தனியே உண்ட இருவரையும் அவர்கள் வீட்டாரையும் மனத்தில் வைத்தே பேசப்பட்டவை. பந்தியின் மறுபக்கம் இருந்த பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. பெரியவர்களின் பொறுமைக்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பிள்ளைகள். நாகராஜனின் நல்ல எண்ணம் ருக்மிணிக்குத் தெரியாததுபோல், ஐயரின் நல்ல எண்ணம் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்ததெல்லாம் பானை இரண்டு என்பதே.

இதே வழக்கு கடல் கடந்த நாட்டிலும் நடந்தது. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பள்ளிகள் பல மாநிலங்களில் இருந்தன. கட்டடமும் பாடமும் சமமாக இருந்தால் பிரித்து வைப்பதில் குற்றமில்லை என்றே நெடுங்காலம் வாதாடினர். 1954இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பிரித்து வைப்பதே பிள்ளையின் உள்ளத்தில் தான் தாழ்ந்தவன் என்ற எண்ணத்தை விதைக்கிறது என்று தீர்ப்புக் கூறியது. சேரன்மாதேவியில் சச்சரவு நடந்து 29 ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பு அது.

இதைப் படிக்கும்போது, நம் கோவில்களில் இப்படி இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். இதே தென்பாண்டிச் சீமையில் வடக்கன்குளத்துத் திருக்குடும்ப ஆலயம் 1872இல் எப்படி எழுந்தது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். பீடம் ஒன்று, அதை நோக்கி வரும் மண்டபங்கள் இரண்டு. ஒரு சாதியார் மறு சாதியாரைப் பாராமலே பூசை காணும்படி கால்சட்டையின் இரு கால்போல் கட்டினார்கள், இடையில் சுவர். 1910ஆம் ஆண்டையொட்டிக் கௌசானல் அடிகள் அந்தத் தடுப்பை அகற்றியபோது எதிர்ப்பும் கோர்ட்டு வழக்கும் எழுந்தன. பீடத்துக்கு முன்னேயே இது நடந்தது என்றால், ஐயரை மட்டும் குறை சொல்ல நமக்கு வாய் ஏது?

1925 மார்ச்சில் காந்தியடிகள் தமிழ்நாடு வந்தபோது வழக்கு அவரிடம் போயிற்று. இருக்கிற இரு பிள்ளைகளின் விஷயத்தில் கொடுத்த வாக்கு நிற்கட்டும், இனிமேல் இத்தகைய நிபந்தனையோடு யாரையும் சேர்க்க வேண்டாம் என்ற வகையில் அவர் சமரசம் சொன்னார். அது எதிர்த்தவர்களுக்கு நிறைவு தரவில்லை. ஏப்ரலில் காங்கிரஸ் கமிட்டி திருச்சியில் கூடியது. தேசியத் தொண்டில் ஈடுபட்ட எந்த நிறுவனத்திலும் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக்கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறிற்று. ராஜாஜி உள்ளிட்ட சிலர், குருகுலத்தின் உள் விவகாரத்தில் கமிட்டி தலையிடுவது முறையன்று என்று பதவியிலிருந்து விலகினர். ஐயரும் குருகுலத் தலைமையைத் துறந்தார். தம் கையால் கட்டிய பள்ளி தம்மாலேயே சந்திசிரிக்க வேண்டியதாயிற்றே என்று அவர் உள்ளம் நொந்திருக்கும்.

அந்த நோவு நீண்ட நாள் இருக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் குருகுலப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஐயர் பாபநாசத்துக்குப் போனார். அவருடைய மகள் சுபத்திரையும் மகன் கிருஷ்ணமூர்த்தியும் உடன் சென்றனர். அகத்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம் என்ற இடம் இருக்கிறது. நம் குற்றாலத்தில் குளித்துப் பழகியவர்களும் அங்கே காலை வைக்க அஞ்சுவார்கள். பாறைகளுக்கு இடையே நீர் ஆழமாகச் சுழித்து ஓடும். சுபத்திரை அந்த ஓட்டத்தைத் தாண்ட முயன்று, கால் தவறி நீரில் விழுந்தாள். ஐயர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. மகளைப் பிடிக்கக் குதித்தார். இருவரையும் அருவி கொண்டுபோயிற்று. கரையில் நின்ற மகன் பார்த்துக்கொண்டிருந்தான். ஐயருக்கு அப்போது வயது 44.

சண்டையிட்டவர்களும் சேர்ந்து அழுத மரணம் அது. அவருக்குப் பின் குருகுலம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஈ.வெ.ரா. அதே 1925ஆம் ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில், எல்லாச் சாதியாருக்கும் பதவிகளில் பங்கு வேண்டும் என்ற தம் தீர்மானம் ஏற்கப்படாததால் காங்கிரசை விட்டு வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் எழுந்தது. வேறு பானையில் தண்ணீர் குடித்த அந்தப் பிள்ளையின் தந்தை ஓமந்தூரார் 1947இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அவருடைய ஆட்சியில்தான் எல்லாச் சாதியாரும் கோவிலுக்குள் செல்ல வழிசெய்யும் சட்டம் வந்தது. முதலமைச்சர் காமராசர் 1956இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பசித்த பிள்ளைக்குச் சோறு என்றே அதை எல்லாரும் பேசுகிறோம். ஒரே வரிசையில் ஒரே பாத்திரத்துச் சோற்றை எல்லாப் பிள்ளைகளும் உண்டார்கள் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. நமக்கோ இரண்டாவதே பெரிதாகத் தெரிகிறது.

அந்த வரிசைக்கும் இடையூறு வராமல் இல்லை. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அம்மையார் சமைக்கக் கூடாது என்று சில பெற்றோர் தடுத்தனர். அவரை வேறிடம் மாற்றி, எதிர்ப்பு எழுந்தபின் திரும்ப அமர்த்தினார்கள். நம் தென்காசி மாவட்டத்திலேயே, சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாங்குளத்தில், 2022 செப்டம்பரில் மிட்டாய் வாங்க வந்த பள்ளிப் பிள்ளைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் மிட்டாய் கொடுக்க மறுத்தார். அந்தக் காட்சியை அவரே படம்பிடித்துப் பரப்ப, போலீஸ் கைது செய்து கடைக்கு முத்திரை வைத்தது. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வயது இருக்கும்? நம் பள்ளியின் சின்ன வகுப்புகளில் இருப்போரின் வயதுதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

கயிறு சின்னதுதான், இரண்டு இலையும் சின்னதுதான். பெற்றோர் இந்த மலரை வீட்டில் புரட்டும்போது, பிள்ளையின் கையில் கட்டிவிட்ட கயிறு எந்த நிறம், அதை ஏன் தேர்ந்தோம் என்று பிள்ளையே கேட்டால் என்ன பதில் சொல்வோம் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். நேர்த்திக்கடனுக்காகக் கட்டியது என்று ஒரு வீட்டார் சொல்வார்கள், உண்மையாகவும் இருக்கும். பக்கத்து பெஞ்சில் இருக்கும் பெண் அதை எப்படிப் படிக்கிறாள் என்பது வேறு விஷயம்.

ஐயர் மறைந்து 2025இல் நூறு ஆண்டுகள் நிறைந்தன. ‘குளத்தங்கரை அரசமரம்’ அவருடைய ‘மங்கையர்க்கரசியின் காதல்’ என்ற சிறுகதைத் தொகுப்பில் இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவியர் ஒரு மாலைப் பொழுதில் படித்து முடித்துவிடலாம். நடை சற்றுப் பழையது. சில சொற்களுக்குத் தமிழாசிரியையிடம் பொருள் கேட்க வேண்டியிருக்கும்.